ஈரமண்ணில் அடிச்சுவடுகள்

குளிர்நாட்டார் தம் தோட்டத்து வெண்பனியில் விலங்குகளின் அடிச்சுவட்டைக் காண்பர். தென்காசியிலும் குற்றாலத்திலும் வாழும் நமக்கோ, சாரற்காலத்து ஈரமண்ணே அந்த ஏடு.

ஓர் ஆனி மாதக் காலையில் என் வாழைத்தோட்டத்துச் சுவட்டைக் கண்டு, சிறுத்தை வந்ததென்று அண்டை அயலார் அஞ்சினர். சிலர் நஞ்சு கலந்த இறைச்சி வைக்கவும் முற்பட்டனர். நான் குனிந்து நோக்கினேன். நான்கு விரல்கள், ஒவ்வொன்றின் முன்னும் நகக்குறி. சிறுத்தை நடக்கும்போது நகங்களை உள்ளிழுத்துக் கொள்ளும். ஆதலால் அவை பெரும்பாலும் பதியா. நாயால் அவ்வாறு இழுக்க இயலாது. வந்தது நாயே! நஞ்சு வைத்திருந்தால் அதுவோ, ஒரு கீரியோ மடிந்திருக்கும். வந்தது சிறுத்தையே ஆயினும், அதற்கு நஞ்சு வைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்.

பிறவற்றையும் அறிவீராக. காட்டுப்பன்றியின் பிளவுபட்ட குளம்பின் பின்னே, இரு சிறு குளம்புகளும் மென்மண்ணில் பதியும். மிளாவின் தடத்தில் அவை அரிதாகவே தோன்றும். கரடியின் பின்னடி மனிதப் பாதத்தை ஒக்கும். ஆயினும் ஐந்து நீண்ட நகங்கள் அதனைக் காட்டிக்கொடுக்கும். யானையின் முன்னடிச் சுற்றளவை இருமடங்காக்கினால், அதன் தோள் உயரம் ஏறத்தாழக் கிட்டும்.

ஒரே தடத்தைக் கண்டு முடிவு கட்டாதீர்கள்; நாலைந்தை ஒப்பிடுங்கள். ஐயம் தீராவிடில் வனத்துறையினர்க்கு அறிவியுங்கள். அச்சம் முந்துமுன் கண் முந்தட்டும்.