தொட்டிக்கு எந்த மண்?

வயலில் நன்கு விளைச்சல் தரும் மண், தொட்டியில் இட்டவுடன் அதே பயனைத் தருவதில்லை. நிலத்தில் விழும் நீர் அடிமண்ணை நோக்கி இறங்க வழியுண்டு. மண்புழுத் துளைகளும் பழைய வேர்த்தடங்களும் காற்றுக்கு இடமளிக்கின்றன. முக்கால் அடித் தொட்டியிலோ நீர் இறங்கக்கூடிய ஆழமே அவ்வளவுதான். அடித்துளை திறந்திருப்பினும், நுண்துகள் மிகுந்த மண் தன் கீழ்ப்பகுதியில் நீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. தொட்டியின் உயரம் குறையுமளவுக்கு ஈரம் தேங்கும் பங்கு கூடுகிறது. காற்றின்றி வேர் அழுகுகிறது. அடியில் ஜல்லி பரப்புவதால் இக்குறை நீங்குமென்பது பரவலான, ஆயினும் தவறான நம்பிக்கை. தக்காணத்துக் கரிசலே தக்க சான்று: பருத்திக்குப் பெயர்பெற்ற அம்மண், தொட்டியில் நனைந்தால் களியாகிறது; காய்ந்தால் சுருங்கித் தொட்டியின் ஓரத்தில் விரிசல் விடுகிறது. ஊற்றும் நீர் வேரைத் தொடாமலே அவ்வழியே ஓடிவிடும்.

செம்மண், மணல், மக்கிய தொழு உரம் ஆகியவற்றைச் சமபங்காகக் கலக்கும் நாற்றுப்பண்ணை வழக்கம் இதற்கான எளிய மாற்றாகும். வீட்டுத் தோட்டத்திற்கு இதுவே போதும்.

விலைக்குக் கிடைக்கும் கலவைகளில் பல மண்ணே அல்ல. தென்னை நார்க்கழிவை அடிப்படையாகக் கொண்டவை. கேரளத்திலும் பொள்ளாச்சிப் பகுதியிலும் கயிற்றுத் தொழிற்கூடங்களின் அருகே மலையாகக் குவிந்து கிடந்த கழிவு இது. 1953 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த கயிறு வாரியத்தின் ஆய்வு நிலையம், ஆலப்புழையை அடுத்த கலவூரில், சிப்பிக்காளான் வகையைக் கொண்டு இதனை மக்கச்செய்யும் முறையை உருவாக்கியது. எடை குறைவு, ஈரம் காக்கும் திறன் மிகுதி என்பன இதன் சிறப்புகள். மக்காத கழிவோ தழைச்சத்தைத் தானே ஈர்த்துக்கொண்டு இலைகளை மஞ்சளாக்கும். நன்கு கழுவாததில் உப்பும் தங்கியிருக்கும். பக்குவப்பட்டதிலும் பயிருக்கான சத்து குறைவே, உரமிடல் இன்றியமையாதது.

கன்றுகளைப் பெருமளவில் வழங்கும் பண்ணைகளின் நிலை வேறு. பை ஒன்றுக்கு 2 கிலோ எனக் கொண்டால், ஒரு லட்சம் கன்றுகளுக்கு 200 டன் கலவை வேண்டும். அதன் மண்பகுதி ஏதோவொரு வயலின் மேல்மண்ணாகவோ ஏரியின் வண்டலாகவோ இருத்தல் வேண்டும். அம்மண்ணோடு சேர்ந்து வருவனவும் உண்டு. கொய்யாவைத் தாக்கும் வேர்முடிச்சு நூற்புழு, கன்றுகளின் வேரிலும் அவற்றைச் சூழ்ந்த மண்ணிலும் ஒளிந்தே புதிய தோட்டங்களை அடைந்தது. நட்ட பின்னர் அதனை முற்றிலும் ஒழித்தல் ஏறத்தாழ இயலாது. பல்லாண்டுப் பயிராதலால் இழப்பு முழுவதும் உழவரைச் சாரும். பண்ணையோ கலவையின் விலையை மட்டுமே கணக்கில் எழுதுகிறது.

ஆகவே, விநியோகத்திற்கான பழக்கன்றுகளுக்கு மண்ணற்ற கலவையின் கூடுதல் செலவு நியாயமானதே. அதற்கு நிதி இடம் தராதபோது, கோடையில் மண்ணை நனைத்து மெல்லிய படலமாகப் பரப்பி, ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளால் காற்றுப் புகாவண்ணம் மூடி, நான்கு முதல் ஆறு வாரங்கள் வெயிலில் விடலாம். நூற்புழுக்களும் நாற்றழுகல் பூசணங்களும் பெருமளவு மடியும். அவ்வாறு பக்குவப்படுத்திய மண்ணை வெறுந்தரையில் மீண்டும் கொட்டலாகாது.