அப்பாவின் இடக்கைக்கு எட்டிய பெட்டி

பக்கவாதத்திற்குச் சிகிச்சை பெற்ற எங்கள் தந்தை வீடு திரும்ப இரண்டு நாள்கள் இருந்தன. வலக்கை தளர்ந்திருந்தது, பேச்சும் போயிருந்தது. ஊன்றுகோல் பிடித்து நடக்கும் அவர் தடுக்கி விழாதிருக்க, அறையில் காலில் சிக்கும் ஒயர்கள், தரைவிரிப்புகள், பயன்படாத சாமான்கள் யாவற்றையும் அகற்றிவிடும்படி இயன்முறை மருத்துவர் கூறியிருந்தார். பிள்ளைகள் இருவரும் அவ்வேலையில் இறங்கினோம்.

அப்பா எதையும் எளிதில் தூக்கி எறிபவர் அல்லர். கதவு வைத்த மரப்பெட்டிக்குள் பழைய தொலைக்காட்சி இருந்தது. வெள்ளிக்கிழமை இரவு ‘ஒலியும் ஒளியும்’ பார்க்கத் தெருவில் பாதிப்பேர் அதன்முன் அமர்ந்த காலம் ஒன்று உண்டு. அதனடியில், அவர் துபாயிலிருந்து கொண்டுவந்த வி.சி.ஆர். அவ்வகைக் கருவியைக் கடைசிவரை தயாரித்துவந்த ஜப்பானிய நிறுவனமும் 2016இல் நிறுத்திவிட்டது. பக்கத்தில், வானொலியும் டேப்ரிக்கார்டரும் சேர்ந்த டூ-இன்-ஒன் பெட்டி.

பழைய இரும்புக்கடைக்காரர் தராசுடன் வாசலுக்கு வந்துவிட்டார். அப்போது அம்மா, “அவர் சாமான். அவர் வந்து சொல்லட்டும்” என்றார். அவரை மறுத்துப் பேச எங்களுக்கு மனம் வரவில்லை. எல்லாவற்றையும் பின்கட்டில் அடுக்கினோம்.

அப்போதுதான் பிஸ்கட் டப்பா ஒன்றில் பதினொரு கேசட்டுகள் கிடைத்தன. 1980களில் துபாயில் வேலை பார்த்த அப்பா அனுப்பிய பேச்சுக் கடிதங்கள் அவை. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய கேசட், பாட்டுக் கேட்பதற்கு மட்டும் பயன்படவில்லை. வீட்டிலிருப்போர் தங்கள் குரலைத் தாங்களே பதிவுசெய்யவும் உதவியது. தொலைபேசி அரிதாயிருந்த அந்நாளில், விடுப்பில் ஊர் வருவோரிடம் அவர் ஒரு கேசட்டைக் கொடுத்தனுப்புவார். பக்கத்துக்கு அரைமணி நேரம். எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் பாட்டிக்கு அதுவே கடிதம். அவர் பேசியதை வேறொரு கேசட்டில் பதிந்து அனுப்புவதே மறுமொழி.

பெட்டியில் பேட்டரி கசிந்து, உள்ளிருந்த ரப்பர் பெல்ட்டும் தளர்ந்திருந்தது. பழுதுபார்ப்பவர் பெல்ட்டை மாற்றி, கேசட்டின் பின்விளிம்பிலுள்ள சிறு பிளாஸ்டிக் துண்டுகள் இரண்டையும் உடைத்துவிடச் சொன்னார். பின்னர் தவறிப்போய்ப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் பழைய குரல் அழியாது. ஈரத்தில் நாடாவில் பூஞ்சை பிடிக்கும், காலப்போக்கில் அதன் காந்தப் பூச்சும் சிதையும் என்பதால், பதினொன்றையும் கைப்பேசியில் பிரதி எடுத்துக்கொண்டோம்.

அப்பாவிடம் அதைப் போட்டுக் காட்டலாமா என்று பேச்சுப் பயிற்சியாளரைக் கேட்டோம். “அவருக்கு வந்திருப்பது அஃபேசியா. சொற்கள்தாம் தடைபட்டிருக்கின்றன, அறிவு மங்கவில்லை. சிலருக்குப் பழைய குரல் மகிழ்ச்சி தரும். சிலருக்கு இழந்ததை நினைவூட்டி வருத்தும். தலையசைத்து விடை சொல்லும்படி அவரையே கேளுங்கள்” என்றார்.

கேட்டோம். கேசட்டை நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, அப்பா தலையை அசைத்தார்.

முப்பது வயதைக் கடந்த ஓர் இளைஞரின் குரல், ஊரில் மழை பெய்ததா என்று பாட்டியை விசாரித்தது. கணக்கில் எத்தனை மதிப்பெண் என்று எங்களை மிரட்டியது. அப்பாவின் கண்கள் நிறைந்தன. திடீரென அவர் இடக்கையை நீட்டி, நிறுத்தும் பொத்தானை அழுத்தினார். அவரைப் புண்படுத்திவிட்டோமோ என்று திகைத்து நின்றோம். சற்றுப் பொறுத்து, அவரே மீண்டும் ஓடவிட்டார்.

அதன்பிறகே ஒன்று எங்களுக்கு விளங்கியது. மருத்துவமனையில் நாங்கள் கொடுத்த கைப்பேசியின் வழுவழுப்பான திரையில் அவர் விரல் வழுக்கியது. ரிமோட்டின் சிறு பொத்தான்கள் பிடிபடவில்லை. இந்தப் பெட்டியிலோ விரலகலப் பொத்தான்கள் ஆறு. அழுத்தினால் ‘டக்’கென்று இறங்கும். எது எங்கே இருக்கிறதென்று அவர் கை நாற்பது ஆண்டுகளாக அறியும். பிறர் துணையின்றி அவர் இயக்கக்கூடிய ஒரே கருவியைத்தான் நாங்கள் எடைக்குப் போட இருந்தோம்.

இப்போது அது அவருடைய இடப்பக்க மேசையில் இருக்கிறது. ஒயரைச் சுவரோரமாக ஆணியடித்துப் பொருத்திவிட்டோம். காலையில் வானொலி, மாலையில் கேசட். பேச்சு முழுவதும் திரும்பிவிடவில்லை. ஆயினும் ஒவ்வொரு கேசட்டின் முடிவிலும் வரும் “சரி, உடம்பைப் பார்த்துக்கோங்க” என்னும் சொற்களுக்கு அவர் உதடுகளும் அசைகின்றன. வாழ்நாளெல்லாம் சொல்லிப் பழகிய சொற்கள் சிலருக்கு முதலில் மீளும் என்று பயிற்சியாளர் கூறினார். ‘சரி’ மட்டும் இப்போது தெளிவாக வருகிறது.

தொலைக்காட்சியையும் வி.சி.ஆரையும் என்ன செய்வதென்று அவரைக் கேட்டபோது, கொடுத்துவிடும்படி கை காட்டினார். பழைய படக்குழாயின் கண்ணாடியில் ஈயம் உண்டு, உடைக்கலாகாது. ஆகவே இரண்டையும் மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைத்தோம்.

நோயாளிக்காக வீட்டை ஒழுங்குசெய்யும் குடும்பத்தாருக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்றே. தரையை இன்றே ஒழியுங்கள், விழுந்தால் ஆபத்து. எடுத்த பொருள்களை மட்டும், அவற்றுக்கு உரியவர் வீடு வந்து தலையசைக்கும்வரை ஒரு மூலையில் வைத்திருங்கள்.