படையை விரட்டிய பாட்டு… தெரியுமா?

நாடகத்தை யாரும் எழுதி முடிக்கவே இல்லை. அதற்காகப் போட்ட முன்னிசை மட்டும் 140 ஆண்டுகளுக்கும் மேலாக உலக மேடைகளில் முழங்குகிறது! செக் இசைமேதை ட்வோர்ஷாக் 1883இல் எழுதிய ‘ஹுஸிட்ஸ்கா’ ஓவர்ச்சர்தான் அது. ஏறக்குறைய கால் மணி நேர ஆர்கெஸ்ட்ரா இசைக்குள், செக் மண்ணான பொஹீமியாவின் மதப்போர் முழுக்க அடக்கம்!

★ அந்தப் போருக்கு வித்திட்டது ஒரு நம்பிக்கைத் துரோகம், தெரியுமா? திருச்சபை ஊழலைச் சாடிய பிராக் நகரப் பாதிரியார் யான் ஹுஸ், மன்னர் சிகிஸ்மண்ட் தந்த பாதுகாப்பு உறுதியை நம்பி, திருச்சபைப் பேரவை கூடிய கான்ஸ்டன்ஸ் நகருக்குப் போனார். 1415 ஜூலை 6 அன்று அங்கே அவரை உயிரோடு எரித்துவிட்டார்கள்!

★ 1419இல் பிராக் மக்கள் கொதித்தெழுந்து நகரசபை உறுப்பினர்களை ஜன்னல் வழியே தூக்கி வீசினார்கள். மூண்டது போர்! ஹுஸின் வழி நின்ற ‘ஹுஸைட்டு’களை அடக்க ஐந்து சிலுவைப்படைகள் வந்தன, ஐந்தும் தோற்றன!

★ அவர்களின் தளபதி ஷிஷ்காவுக்கு ஒரு கண்தான். 1421இல் அதுவும் போனது. அதற்குப் பிறகும் போர்களில் வென்றார்! வண்டிகளைச் சங்கிலியால் பிணைத்து நடமாடும் கோட்டை கட்டியவர் இவர். ‘நான் செத்தால் என் தோலை உரித்து முரசு கட்டுங்கள்’ என்றாராம். கர்ணபரம்பரைக் கதைதான், ஆனாலும் சிலிர்க்கிறதே!

★ ஹுஸைட்டுகளின் போர்ப்பாட்டில் பக்தி பாதி, படைப்பயிற்சி பாதி! தலைவன் சொல் கேள், அடையாளச் சொல்லை மறவாதே, கொள்ளையில் மயங்கி நின்றுவிடாதே என்றெல்லாம் கட்டளைகள். 1431இல் டோமஷ்லிட்சேயில் இந்தப் பாட்டு காதில் விழுந்ததுமே சிலுவைப்படை ஓட்டம் பிடித்ததாம்!

★ இந்தப் போர் இசையானது எப்படி? 1881 ஜூனில் திறந்த பிராக் தேசிய நாடக அரங்கு ஆகஸ்டிலேயே எரிந்துபோனது. மக்கள் 47 நாளில் பத்து லட்சம் குல்டன் திரட்டிக் கொடுத்தார்கள்! 1883 நவம்பர் 18இல் அரங்கு மீண்டும் திறந்தபோது ஒலித்ததுதான் ‘ஹுஸிட்ஸ்கா’. அரங்கின் இயக்குநர் ஷூபர்ட், தான் திட்டமிட்ட ஹுஸைட் நாடகத்துக்காகக் கேட்டு வாங்கிய இசை அது.

★ பெரிய வியப்பு இனிமேல்தான்! ஹுஸைத் தீக்கு அனுப்பியது கத்தோலிக்கத் திருச்சபை. ட்வோர்ஷாக்கோ தீவிரக் கத்தோலிக்கர்! அவர் அந்தப் போர்ப்பாட்டையும், நாட்டின் காவல் புனிதர் வென்செஸ்லாஸைப் போற்றும் பழம்பாடலையும் ஒரே இசைக்குள் மோதவிட்டு, கடைசியில் கைகோக்க வைத்துவிட்டார். மதம் பிரித்ததை மண் சேர்த்தது! 1884இல் லண்டனிலும் தாமே நடத்திக் காட்டினார்.

★ அதே போர்ப்பாட்டு மெட்டில் இன்னொரு செக் இசைமேதை ஸ்மெத்தனா ‘தாபோர்’, ‘பிளானிக்’ என்று இரண்டு படைப்புகள் எழுதியபோது அவருக்குக் காது அறவே கேட்காது!

★ மெட்டு அத்தோடு ஓயவில்லை. 1968இல் சோவியத் டாங்கிகள் பிராக்கில் நுழைந்தபோது, அமெரிக்காவில் வாழ்ந்த செக் இசையமைப்பாளர் காரெல் ஹுஸா கையிலெடுத்தது இதே போர்ப்பாட்டைத்தான்!