அப்பா தொகுத்த பாலசந்தர்

மேருவில் அப்பாவின் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தோம். பழைய மெத்தை, துருப்பிடித்த சைக்கிள், உடைந்த காற்றாடி என்று எல்லாவற்றையும் வாசலில் குவித்திருந்தான் தம்பி. சாமான் ஏற்ற லோரி வரும் நேரம். குவியலின் மேல் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. திறந்து பார்த்தேன். உள்ளே பதினேழு கேசட்டுகள்.

பதினாறு கேசட்டுகளில் சினிமாப் பாட்டு, பக்திப் பாட்டு. ஒன்றின் அட்டையில் மட்டும் அப்பாவின் கோணல் கையெழுத்து: “பாலசந்தர் – கிடைக்காதவை”.

“டைரக்டர் பாலசந்தர் பாட்டா இருக்கும். யூடியூப்ல எல்லாம் இருக்குக்கா, தூக்கிப் போடு” என்றான் தம்பி.

அவர் இல்லை இவர். உங்களில் பலரும் தம்பியைப் போலவே நினைத்திருப்பீர்கள். இயக்குநர் கே. பாலசந்தர் வேறு. அப்பா எழுதி வைத்தது ‘வீணை’ எஸ். பாலசந்தரை.

1927ஆம் ஆண்டு பிறந்தவர் வீணை பாலசந்தர். 1934இல் வெளிவந்த ‘சீதா கல்யாணம்’ படத்தில் அண்ணன் எஸ். ராஜம் இராமனாகவும் அக்காள் ஜெயலட்சுமி சீதையாகவும் நடித்தார்கள். அதே படத்தில் சிறுவன் பாலசந்தர் கஞ்சிரா வாசித்தான். அதன் பிறகு கைக்குக் கிடைத்த கருவியெல்லாம் அவருடையதாயிற்று. ஆர்மோனியம், தபேலா, சித்தார் என்று ஒவ்வொன்றாகப் பழகிக் கடைசியில் வீணையில் வந்து நின்றார். கர்நாடக இசையில் ‘இன்னாரின் சீடர்’ என்பதுதான் ஒருவரின் முதல் அறிமுகம். பாலசந்தருக்கு அந்த அறிமுகம் கிடையாது. வீணையை அவர் யாரிடமும் உட்கார்ந்து கற்றுக்கொள்ளவில்லை.

சினிமாவிலும் அவர் ஊரோடு ஒத்துப் போகவில்லை. பாட்டுக்காகவே ஜனங்கள் படம் பார்க்கப் போன காலத்தில் ஒரு பாட்டுகூட இல்லாமல் ‘அந்த நாள்’ எடுத்தார். சென்னையில் ஜப்பான் குண்டு வீசிய 1943ஆம் ஆண்டில் நடக்கும் ஒரு கொலையைப் பற்றிய படம். சிவாஜி கணேசன் நடித்தது. 1964இல் வந்த ‘பொம்மை’ படத்தை இயக்கி, இசையும் அமைத்தார். கே. ஜே. யேசுதாஸ் தமிழ்ப் படத்துக்கு முதன்முதலில் பாடியது அதில்தான். படத்தின் முடிவில், திரைக்குப் பின்னால் உழைத்த கலைஞர்களையும் ரசிகர்களுக்கு அறிமுகப்படுத்தி வைத்தார்.

தோட்டத்தில் பால்மரம் வெட்டிய எங்கள் அப்பாவுக்கு இப்படி ஒரு மனிதரை ஏன் பிடித்தது என்று நான் யோசித்ததே இல்லை. கேசட்டை வீட்டுக்கு எடுத்து வந்து அட்டையை நிதானமாகப் படித்தபோதுதான் விளங்க ஆரம்பித்தது.

அப்பா வரிசை எண் போட்டு எழுதியிருந்தார். முதலில் ‘பொம்மை’ பாட்டு. இரண்டாவதாக, “அந்த நாள் (பாட்டு இல்லை)”. அதற்குப் பிறகு முழுக்க வீணை. கடைசி வரியில், “72இல் கொஞ்சம்”. அட்டையின் பின்புறம் தேதி இருந்தது: 1991.

அந்த ஆண்டைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது.

1991இல் தம்பிக்குப் பதினான்கு வயது. அம்மா கூட்டுப் பணத்தில் வாங்கிக் கொடுத்த சின்ன கீபோர்டு ஒன்று அவனிடம் இருந்தது. ரேடியோவில் கேட்ட பாட்டை உடனே வாசித்துக் காட்டுவான். அப்பா அவனை ஒரு பாட்டு வாத்தியாரிடம் அழைத்துப் போனார். மாதக் கட்டணம் எங்களால் முடியாத தொகை. அதைவிட, “கேட்டு வாசிக்கிற பழக்கம் கையைக் கெடுத்துவிட்டது, இனிமேல் வராது” என்று அவர் சொன்ன வார்த்தைதான் தம்பியை அடித்துப் போட்டது. பஸ்ஸில் திரும்பி வரும்போது மூன்று பேரும் பேசவில்லை. அந்த வார இறுதியிலேயே கீபோர்டு அலமாரிக்கு மேல் போய்விட்டது.

அப்பா ஆறுதல் சொல்லத் தெரியாதவர். அவர் கேசட் பதிவு செய்திருக்கிறார்.

கேசட் உடனே ஓடும் நிலையில் இல்லை. நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சணம். நாடாவை அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சும் விழுந்துவிட்டிருந்தது. கிள்ளானில் பழைய ரேடியோ பழுது பார்க்கும் ஒரு பெரியவரிடம் கொண்டு போனேன். அவர் பூஞ்சணத்தைத் துடைத்து, நாடாவை வேறொரு நல்ல கேசட் கூட்டுக்கு மாற்றிச் சுற்றிக் கொடுத்தார். “அடிக்கடி போட்டுக் கேட்காதேம்மா. ஒரு தடவை ஓடும்போதே கம்ப்யூட்டர்ல ஏத்திடு” என்றார். கேசட் நாடாவின் அகலம் நான்கு மில்லிமீட்டர்கூட இல்லை. அதில் இரண்டு பக்கத்துப் பாட்டும் அருகருகே பதிவாகியிருக்கும். நம் நாட்டுப் புழுக்கத்தில் முப்பது ஆண்டுக்கு மேல் அது தாங்கியதே பெரிய காரியம்.

தம்பியை வீட்டுக்கு அழைத்தேன். காரணம் சொல்லவில்லை.

‘பொம்மை’ பாட்டு ரேடியோவிலிருந்து பிடித்தது. தொடக்கத்தில் அறிவிப்பாளரின் பாதி வார்த்தை ஒட்டிக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்ததும் சத்தமே இல்லை. கேசட் நின்றுவிட்டதென்று தம்பி எழுந்தான். “உட்காரு, இது ரெண்டாவது. அந்த நாள்” என்றேன். அட்டையை வாங்கிப் பார்த்தான். பாட்டு இல்லாத படத்துக்கு அப்பா அரை நிமிடம் இடம் விட்டிருந்தார்! இருவரும் சிரித்துவிட்டோம்.

பிறகு வீணை வந்தது. அதை கிராணியார் வீட்டு ரெக்கார்டு பிளேயருக்கு முன்னால் ஒலிவாங்கியை வைத்துப் பிடித்திருக்க வேண்டும். இடையில் சேவல் கூவுகிறது. யாரோ வாளியை நகர்த்துகிறார்கள். அதையெல்லாம் தாண்டி வீணை கேட்கிறது. பொதுவாக ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு மெட்டு என்று விரல் நகரும். பாலசந்தர் ஒரே மெட்டில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, ஒரு மீட்டலிலேயே பல ஸ்வரங்களைப் பேச வைப்பார். வாய்ப்பாட்டில் குரல் வளைவதைப் போல இருக்கும். ‘இப்படி வாசிக்கக் கூடாது’ என்று சொல்ல அவருக்கு ஆள் இல்லை. அதனால் கை தேடிப் போய்க் கண்டுபிடித்த வழி அது.

“72இல் கொஞ்சம்” என்பதன் பொருள் அப்புறம் புரிந்தது. கர்நாடக இசையின் தாய் ராகங்கள் 72. அத்தனையையும் வீணையில் வாசித்து இசைத்தட்டுத் தொகுப்பாகக் கொண்டு வந்தவர் பாலசந்தர். அப்பா அதிலிருந்து கரகரப்பிரியா, சங்கராபரணம், கல்யாணி என்று நம் காது சினிமாவில் பழகிய ராகங்களாகப் பார்த்து எடுத்திருந்தார். ‘கேட்டு வாசிக்கிற’ ஒரு பையனுக்கு ஏற்ற தேர்வு.

பாலசந்தரிடம் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. 1980களில், புதிய ராகம் படைத்ததாக பாலமுரளி கிருஷ்ணா சொன்னதை எதிர்த்தார். சுவாதித் திருநாள் பெயரில் உள்ள கீர்த்தனைகள் உண்மையில் அவருடையவையா என்று கேட்டு இன்னொரு சண்டையைத் தொடங்கினார். நண்பர்களைவிட எதிரிகளை வேகமாகச் சேர்த்தார். ஆனாலும் 1982இல் பத்மபூஷண் அவரைத் தேடி வந்தது. 1990 ஏப்ரல் 13இல், கச்சேரிக்காகப் போன பிலாய் நகரில் மறைந்தார். ‘அந்த நாள்’ வெளிவந்ததும் ஒரு ஏப்ரல் 13தான், 1954இல்.

யாரோ ஒருவர் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால் பிழைத்த இசை உலகில் நிறைய உண்டு. மும்பை சினிமா இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் 1982இல் பத்து ராகங்களை மின்னணுக் கருவிகளில் டிஸ்கோ தாளத்துக்கு வாசித்துப் பதிவு செய்தார். அது விலை போகவில்லை. இருபது ஆண்டு கழித்து டில்லியில் அந்த இசைத்தட்டு ஒரு டச்சு சேகரிப்பாளர் கையில் சிக்கியது. 2010இல் அது மறுபடி வெளிவந்தபோது, மேல்நாட்டு நடன இசை பின்னால் தொட்ட ஓசையை இவர் முன்பே தொட்டுவிட்டாரே என்று உலகம் வியந்தது. சரண்ஜித் சிங் அப்போது எழுபது வயதுக்காரர்.

கேசட் முடிந்தது. தம்பி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இதை எங்கிட்ட ஏன்கா குடுக்கல அப்பா?”

குடுத்தாராம். அம்மாவிடம் கேட்டேன். “ரெண்டு நாள் அவன் மேசையிலதான் இருந்துச்சு. அவன் தொடல. உங்கப்பா எடுத்து டின்ல வச்சிட்டாரு” என்றார். பதினான்கு வயதுப் பிள்ளையின் கோபத்தைக் குறை சொல்லவும் முடியாது. அன்றைக்கு அவனுக்கு ‘பாலசந்தர்’ என்பது ஒரு டைரக்டரின் பெயர் மட்டும்தான்.

தம்பி இப்போது லோரி ஓட்டுகிறான். கீபோர்டு எப்போதோ விற்றாகிவிட்டது. இந்தக் கேசட்டால் அவன் இனி இசைக்கலைஞனாகிவிடுவான் என்று எழுதினால் பொய். ஆனால் பதிவை அவன் தொலைபேசிக்கு அனுப்பச் சொன்னான். கோலாலம்பூர் போகும் வழியில் கேட்கிறானாம். “அந்த அரை நிமிஷத்தையும் வெட்டாம அனுப்புக்கா” என்றான்.

உங்கள் வீட்டிலும் ஒரு பிஸ்கட் டின் இருக்கலாம். அதை லோரியில் ஏற்றுவதற்கு முன் அட்டைகளை ஒருமுறை படித்துவிடுங்கள். பூஞ்சணம் பிடித்திருந்தால் நீங்களே ஓட்டிப் பார்க்காதீர்கள். தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்து, ஒரே ஓட்டத்தில் கணினிக்கு மாற்றுங்கள். இசைத்தட்டில் உள்ள பாட்டு வேறு எங்காவது கிடைத்துவிடும். உங்கள் வீட்டு ஆள் யாரை நினைத்து எதற்குப் பிறகு எதை வைத்தார் என்ற வரிசை, வேறு எங்கும் கிடைக்காது.