பொடி இத்தாலி, எஞ்சின் அமெரிக்கா!

சென்ற மாதம் கட்டைபறிச்சானிலுள்ள எனது உதிரிப்பாகக் கடைக்கு ஒரு இளைஞர் வந்தார். லேண்ட் மாஸ்டருக்குப் பெட்டி அடித்து விற்கும் பட்டறைக்காரர். இப்போது நெல் தூற்றும் மெசின் ஒன்றைத் தானே செய்திருக்கிறார். சட்டம், விசிறி, சல்லடை எல்லாம் அவருடைய கைவேலை. எஞ்சின் மட்டும் ஜப்பான்.

"காக்கா, இதில என்ட பட்டறைப் பேரை எழுதலாமா? எஞ்சின் ஒருத்தன்ட, பேர் இன்னொருத்தன்ட என்று ஊரார் சிரிக்க மாட்டாங்களா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. நம்மில் பலர் தொழிலை விரிவாக்கத் தயங்குவதே இந்த இடத்தில்தான். எல்லாவற்றையும் நாமே செய்தால்தான் அது நமது பொருள் என்று நினைக்கிறோம். அவருக்கு நான் ஒரு காரின் கதையைச் சொன்னேன். வாசகர்களுக்கும் அது பயன்படும்.

ஜித்தாவில் கண்ட கார்

1980களில் நான் ஜித்தாவில் ஓர் உதிரிப்பாகக் கடையில் களஞ்சியப் பொறுப்பில் இருந்தேன். ஒரு நாள் ஒரு மெக்கானிக் வந்து செவ்ரோலெட் எஞ்சினுக்கு கேஸ்கட்டும் பிளக்கும் கேட்டார். எடுத்துக் கொடுத்துவிட்டு வெளியே பார்த்தால், நின்றது செவ்ரோலெட் அல்ல. தரையோடு தரையாக நீண்டு கிடந்த ஓர் இத்தாலியக் கார். "ஈசோ கிரிஃபோ" என்றார். பொனட்டைத் தூக்கிக் காட்டினார். உள்ளே இருந்தது அமெரிக்க வீ-8 எஞ்சின்!

அதைச் செய்தவர் ரென்சோ ரிவோல்டா என்ற இத்தாலிய வியாபாரி. தொடக்கத்தில் குளிர்சாதனப் பெட்டி செய்தவர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஸ்கூட்டரும் மோட்டார் சைக்கிளும் செய்தார். 1953 இல் முட்டை வடிவத்தில், முன்பக்கமே கதவாகத் திறக்கும் 'இசெட்டா' என்ற சின்னக் காரை வெளியிட்டார். அதன் உரிமத்தை ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ கொம்பனி வாங்கி, 1955 முதல் 1962 வரை ஒரு இலட்சத்து அறுபதாயிரத்துக்கும் அதிகமாகச் செய்து விற்றது.

பிறகு அவர் பெரிய கார் செய்ய இறங்கினார். நீண்ட தூரத்தை வேகமாகவும் சொகுசாகவும் ஓடிக் கடக்கும் வகை. ஃபெராரி போன்றவர்கள் எஞ்சினையும் தாங்களே செய்தார்கள். அதற்கு வேண்டிய பணமும் காலமும் பெரிது. ரிவோல்டா வேறு கணக்குப் போட்டார். ஃபெராரியில் வேலை செய்து விலகிய பொறியியலாளர் ஜியோட்டோ பிசாரினியைச் சட்டம் அமைக்கப் பிடித்தார். பொடியை பெர்டோனே நிறுவனத்திடம் கொடுத்தார். அங்கே அதை வரைந்தவர் ஜியார்ஜெட்டோ ஜியுஜியாரோ. அப்போது அவருக்கு வயது இருபத்து நான்குதான். எஞ்சினை அமெரிக்காவின் செவ்ரோலெட்டிடம் வாங்கினார். கோர்வெட் காரில் ஓடிய அதே 5.4 லீற்றர் எஞ்சின். 1962 இல் 'ஈசோ ரிவோல்டா' வந்தது. அடுத்த ஆண்டு டூரின் கண்காட்சியில் 'கிரிஃபோ' வந்தது.

இதில் வாடிக்கையாளருக்கு என்ன இலாபம்? அழகும் ஓட்டமும் இத்தாலி. பழுதானால் செவ்ரோலெட் தெரிந்த எந்த மெக்கானிக்கும் கைவைப்பார். ஜித்தாவில் எங்கள் தட்டிலேயே அதன் பாகம் இருந்ததே, அதுதான் சாட்சி!

நமக்கு அருகிலும் உண்டு

இந்தியாவில் பிரீமியர் கொம்பனி 1985 இல் '118 என்.ஈ.' என்ற காரை விட்டது. பொடி இத்தாலியின் ஃபியட் 124 வழி வந்தது. எஞ்சின் ஜப்பானின் நிசான். பழைய அம்பாசிடருக்கும் 1990களில் இசுசு எஞ்சின் வைத்தார்கள். நமது நாட்டுக் கராஜ்களில் பிரித்தானியப் பொடிக்கு ஜப்பான் டீசல் எஞ்சின் மாட்டாத பாஸ்மார் உண்டா? கடலில் போகும் வள்ளங்களைப் பாருங்கள். வள்ளம் நம்முடையது, மிசின் ஜப்பானுடையது. யாரும் சிரிப்பதில்லை.

நான் செய்த பிழை

ஆனால் இதில் ஒரு நிபந்தனை உண்டு. அதை நான் பட்டுத்தான் படித்தேன்.

1990களின் நடுவில் என்னிடம் ஒரு பழைய பெட்ஃபோர்ட் லொறி இருந்தது. அதன் எஞ்சினை இறக்கிவிட்டு ஜப்பான் டீசல் எஞ்சின் ஏற்றினேன். நெல் ஏற்றி, கிண்ணியாப் பாதையில் கடந்து திருகோணமலைக்கு ஓடினேன். (2009 இல் பாலம் திறக்கும் வரை அங்கே பாதைதான்.) நல்ல லொறி. பின்பு அதைக் கட்டைபறிச்சானைச் சேர்ந்த ஒரு தமிழ்ச் சகோதரருக்கு விற்றேன். எஞ்சின் மாற்றியதைச் சொல்லவில்லை. புத்தகத்திலும் பதியவில்லை. ஓடுகிற லொறிக்கு இதெல்லாம் எதற்கு என்ற அலட்சியம்.

அது யுத்த காலம். ஒரு சோதனைச் சாவடியில் புத்தகத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். பொருந்தவில்லை. அந்த மனிதரைத் தடுத்து வைத்துவிட்டார்கள். அவருடைய மனைவி என் கடை வாசலில் வந்து நின்றார். எஞ்சின் வாங்கிய பில்லைத் தேடி எடுத்துக்கொண்டு ஓடினேன். இரண்டு இரவுகளுக்குப் பின் விட்டார்கள்.

வெளியே வந்தவர் என்னை ஏசவில்லை. "முதலாளி, லொறி நல்ல லொறிதான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார். அவ்வளவுதான். லொறியைத் திருப்பி எடுத்துப் பணத்தைக் கொடுத்தேன். அவர் அதன்பின் பல வருடங்கள் என் கடைப் படி மிதிக்கவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். அந்த இரண்டு இரவுகளை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

மூன்று பாடங்கள்

ஒன்று: பிறர் பொருளை உள்ளே வைப்பது குற்றமல்ல. மறைப்பதுதான் குற்றம். ஈசோ தனது எஞ்சின் செவ்ரோலெட் என்பதை ஒளிக்கவில்லை. அதையே நன்மையாகச் சொல்லி விற்றது.

இரண்டு: நமது கைவேலை எங்கே என்று நமக்குத் தெரிய வேண்டும். எஞ்சினை எவரும் வாங்கலாம். அதைச் சரியான சட்டத்தில் அமர்த்தி, நல்ல பொடி போட்டு, விற்றபின் கவனிப்பதே நமது தொழில்.

மூன்று: வாங்கும் பொருளை நம்பியிருப்பவனுக்குக் கையில் காசும் மாற்று வழியும் வேண்டும். ரிவோல்டா 1966 இல் காலமானார். மகன் பியேரோ நடத்தினார். 1972 இல் செவ்ரோலெட்டை விட்டு ஃபோர்ட் எஞ்சினுக்கு மாறினார்கள். 1973 இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. பெரிய எஞ்சின் கார்களுக்குச் சந்தை விழுந்தது. 1974 இல் கொம்பனி மூடப்பட்டது. நாமும் கண்டோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருடத்தில் இறக்குமதியை மட்டும் நம்பியவர் கை பிசைந்தார். பழையதைத் திருத்தத் தெரிந்தவர் பிழைத்தார்.

கிரிஃபோ மொத்தமாக நானூற்றுச் சொச்சமே செய்யப்பட்டது. இன்று ஒன்றின் விலை பல இலட்சம் டொலர். வாங்குபவர்கள் முதலில் பார்ப்பது எதைத் தெரியுமா? எஞ்சின் இலக்கமும் ஆவணமும் பொருந்துகின்றனவா என்பதைத்தான்!

அந்த இளைஞர் போன கிழமை மெசினைக் கொண்டுவந்து காட்டினார். தகட்டில் பட்டறையின் பெயர் பெரிதாக இருந்தது. அதன் கீழே எஞ்சின் எந்தக் கொம்பனி, புதியதா ரீகண்டிஷனா, இலக்கம் என்ன என்று தெளிவாக அடித்திருந்தார். முதல் மெசினை வாங்க வந்திருந்தவர் அதை விரலால் தடவி வாசித்துவிட்டு, விலை பேசத் தொடங்கினார்.