பழைய பரிசலுக்கு மறுவாழ்வு

நான் வாழ்க்கைப்பட்ட ஊர் திருவண்ணாமலை. இங்கே தண்ணீரில் மிதக்கிற சமாசாரம் என்றால், கார்த்திகை தீபம் முடிந்ததும் ஐயங்குளத்தில் நடக்கிற தெப்பத் திருவிழாதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். ஆனால் என் பிறந்த வீடு சாத்தனூர் அணைப் பக்கம் ஒரு கிராமம். அங்கே என் அண்ணனுக்குப் பரிசல்தான் சோறு போடுகிறது. விடியுமுன் பரிசலில் போய் வலையை எடுத்து, கட்லா, ரோகு, ஜிலேபி என்று கிடைத்ததைக் கொண்டு வருவார்.

"பரிசல் ரிப்பேருக்கும் அடுப்படியில் இருக்கிற நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். போன வருஷம் கோடையில் அண்ணன் வீட்டு வாசலில் ஒரு பழைய பரிசலைப் பிரித்துச் சீர் செய்தபோதுதான், அதில் பாதி வேலை நம் கை வேலை என்று தெரிந்துகொண்டேன்.

2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. மறுநாள் எங்கள் ஊர் மலையில் மண் சரிந்து ஒரே இடத்தில் ஏழு பேர் மாண்டு போனார்கள். டிசம்பர் 2-ம் தேதி விடியற்காலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி தண்ணீரைத் தென்பெண்ணையில் திறந்துவிட்டார்கள். 1958-ல் கட்டி முடித்த அணை அது. முழு உயரம் 119 அடி. அணைக்குள் தண்ணீர் மளமளவென்று ஏறியதில், கரையில் கவிழ்த்து வைத்திருந்த அண்ணனின் பரிசல் போன இடம் தெரியவில்லை.

இரண்டு மாதம் பிறத்தியார் பரிசலில் கூலிக்குப் போனார். பிறகு அண்ணி தன் கம்மலை அடகு வைத்துக் கொடுத்தாள். தொழிலை விட்டுவிட்ட ஒருவரிடம் 3,500 ரூபாய்க்குப் பழைய பரிசல் ஒன்றை வாங்கி வந்தார்கள். குறுக்கே ஆறடி இருக்கும். மேலே தார் பளபளவென்று இருந்தது.

மாவு மாதிரி ஒரு தூள்

பங்குனியில் ஒரு விசேஷத்துக்காகப் போயிருந்தேன். வாசல் நிழலில், பரிசலை அண்டினாற்போல் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். திண்ணையில் சாய்த்து வைத்திருந்த பரிசலின் அடியில், யாரோ மைதா சலித்துக் கொட்டின மாதிரி வெள்ளையாக ஒரு தூள். முறத்தில் புளுத்த பருப்பைப் புடைத்தால் விழுமே, அதே தினுசு.

"அண்ணே, இது என்ன, உளுத்திருக்கே?" என்றேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல தங்கச்சி. மேல ஒரு பூச்சு தார் அடிச்சா போதும், இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்."

அண்ணி ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய்க் கோணி ஊசியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். விளிம்பில் குத்திப் பார்த்தேன். வெந்த சேப்பங்கிழங்கில் இறங்குகிற மாதிரி ஊசி இறங்கியது. இன்னும் நாலு இடத்தில் குத்தினோம். மூன்று இடம் அப்படியே. அண்ணன் முகம் சுருங்கிப் போய்விட்டது. அவரோடு கூடப் போவது என் மருமான். பத்தொன்பது வயசுப் பிள்ளை.

பரிசலுக்கு எலும்பு எது?

பரிசல் என்பது ஒரு பெரிய கூடை, அவ்வளவுதான். மூங்கிலைப் பத்தை பத்தையாகக் கீறி, தரையில் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, நடுவில் பாரத்தை வைத்து, ஓரங்களை மேலே வளைத்துக் கட்டுகிறார்கள். சுற்றிலும் கனமாக ஒரு விளிம்பு முடைகிறார்கள். அந்தக் காலத்தில் மேலே மாட்டுத் தோல் போர்த்தினார்கள். பிறகு சாக்கும் பிளாஸ்டிக்கும் வந்தன. அதன் மேல் தார். இப்போது ஃபைபர் பரிசல்களும் வந்துவிட்டன. நமக்கு மட்டும் சொந்தமானது என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்துக்குப் பக்கத்திலுள்ள வேல்ஸ் நாட்டு ஆறுகளிலும் பரிசல் உண்டு. ஈராக்கில் டைக்ரிஸ் நதியில் தார் பூசிய வட்டக் கூடைப் படகுகள் வெகு காலம் ஓடியிருக்கின்றன.

இதில் ஆணி கிடையாது. வளைத்த பத்தைகள் எல்லாம் நிமிர்ந்துகொள்ளத்தான் பார்க்கும். அவற்றை இழுத்துப் பிடித்து வைத்திருப்பது விளிம்பு ஒன்றுதான். நடுத் தண்ணீரில் மீன் நிறைந்த வலையை ஒரு பக்கமாக இழுக்கும்போது பாரம் முழுக்க அந்த விளிம்பில்தான் விழும். அது உளுத்திருந்தால், மேலே எத்தனை பூச்சுத் தார் அடித்து என்ன பிரயோசனம்?

மூங்கில் ஏன் உளுக்கிறது? அதில் மாவுச்சத்து இருக்கிறது. அரிசியில் வண்டு விழுகிற மாதிரி, அதைத் தின்ன வண்டு துளைக்கிறது. முற்றாத இளம் மூங்கிலில் சீக்கிரம் விழும். வெட்டிய மூங்கிலைச் சில வாரம் தண்ணீரில் ஊறப் போட்டால் அந்தச் சத்து கரைந்து போய்விடும். பூச்சிக்கு அவ்வளவு ருசிக்காது. தண்ணீர் நாற்றமெடுக்கும், அதற்காகப் பயப்பட வேண்டாம். நாற்றம் கண்டால் தண்ணீரை மாற்றினால் போதும். ஈரப் பத்தைதான் ஒடியாமல் வளையும் என்பது இன்னொரு லாபம்.

அண்ணன் முற்றின மூங்கில் வாங்கி வந்து, கீறி, ஊறப் போட்டார். நான் ஊருக்குத் திரும்பினேன். சித்திரையில் பள்ளிக்கூட லீவு விட்டதும் பிள்ளைகளோடு மறுபடி போய்ச் சேர்ந்தேன்.

உரித்ததும் தைத்ததும்

முதல் வேலை பழைய தார்த் தோலை உரிப்பது. விடியற்காலைக் குளிரில் தார் மொறமொறவென்று உடைந்து வரும். வெயில் ஏறினால் பிசுபிசுவென்று கையோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் காபி குடிக்குமுன்பே உட்கார்ந்து உரித்தோம். தோலை எடுத்ததும் உள்ளே பார்த்தால் அடிப்பக்கம் பத்தைகள் பெரும்பாலும் நன்றாகவே இருந்தன. தட்டினால் 'டங்' என்றால் நல்லது, 'தொப்' என்றால் கெட்டது. கெட்டதற்கெல்லாம் மாக்கோலத்தால் புள்ளி வைத்தாள் அண்ணி. பதினோரு பத்தையும் விளிம்பு முழுதும் மாற்ற வேண்டியதாயிற்று. விளிம்பை மட்டும் கூடை முடைகிற பெரியவர் ஒருவரை வரவழைத்துப் புதிதாகக் கட்டினோம். தெரியாத வேலையில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

அடுத்தது தையல். உரச் சாக்குகளை நன்றாக அலசி, காயவைத்து, பிரித்து, இரண்டு அடுக்காகத் தைத்தோம். வெறுமனே ஓரத்தோடு ஓரம் வைத்துத் தைத்தால் அந்த வழியாகத்தான் தண்ணீர் வரும். பேன்ட்டின் பக்கத் தையல் மாதிரி ஒன்றுக்குள் ஒன்று மடித்து இரட்டைத் தையல் போட வேண்டும். அடியில் கல்லில் உரசுகிற இடத்தில் தையல் வராதபடி பார்த்துக்கொண்டோம். ஒரு அடுக்கின் தையல் மேல் இன்னொரு அடுக்கின் தையல் விழக் கூடாது. இதெல்லாம் ஆண்களுக்கு நாங்கள் சொல்லிக் கொடுத்தது! தைத்த உறையைப் பரிசலின் வெளிப்புறம் இழுத்துப் போர்த்தி, நைலான் கயிற்றால் விளிம்போடு இறுக்கிக் கட்டினோம்.

தார் விஷயத்தில் ஜாக்கிரதை

சகோதரிகளே, இந்த இடத்தை மட்டும் இரண்டு தரம் படியுங்கள்.

தாரை வீட்டுக்குள்ளோ சமையல் அடுப்பிலோ ஒருபோதும் காய்ச்சக் கூடாது. திறந்த வெளியில், காற்று நமக்குப் பின்னாலிருந்து அடிக்கிற மாதிரி நின்று காய்ச்ச வேண்டும். தார்ப் புகை நெஞ்சுக்குக் கெடுதல். நிலக்கரித் தார் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்றே மருத்துவ உலகம் சொல்கிறது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்தப் பக்கமே வர வேண்டாம். என் பிள்ளைகளை அன்று முழுக்கப் பக்கத்துத் தெருவில் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

காய்ந்த எண்ணெயில் தண்ணீர் பட்டால் எப்படித் தெறிக்கும்? தாரும் அப்படித்தான், இன்னும் மோசம். ஈரமான டின், ஈரமான குச்சி உதவாது. தாரில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. மூடி போட்டு மூட வேண்டும், அல்லது மணலைக் கொட்ட வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அடுப்பு மூட்டினோம்.

கொதிக்கக் கொதிக்கப் பூசினால் பிளாஸ்டிக் சாக்கு சுருங்கி ஓட்டையாகிவிடும். இறக்கி வைத்து, சூடு கொஞ்சம் தணிந்ததும், தோசைக் கல்லில் எண்ணெய் தடவுகிற மாதிரி மெல்லிசாகப் பூச வேண்டும். ஒரே பூச்சாகக் கனமாக அடித்தால் வெடிக்கும். மெல்லிசாக இரண்டு பூச்சு, நடுவில் ஒரு நாள் இடைவெளி, அதுதான் நிற்கும்.

சூடான தார் மேலே பட்டுவிட்டால் பிய்த்து எடுக்காதீர்கள், தோலும் கூட வந்துவிடும். உடனே குளிர்ந்த தண்ணீரை இருபது நிமிஷம் ஊற்றிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆறிய தார் கையில் ஒட்டியிருந்தால் தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ தடவி ஊறவிட்டு, பழந்துணியால் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவினால் போகும். மண்ணெண்ணெய், பெட்ரோல் வேண்டாம். தார் பட்ட கையோடு வெயிலில் நின்றால் எரிச்சலும் சிவப்பும் வரும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்வது நல்லது.

கோலமாவு சோதனை

தார் நன்றாக இறுகியதும் பரிசலை முழங்கால் ஆழத் தண்ணீரில் விட்டு, கயிற்றால் கட்டி, இரண்டு ஆள் எடைக்குக் கல்லை ஏற்றினோம். இறங்கிப் போய்ப் பார்க்கலாம் என்றார் அண்ணன். "இருங்க, ராத்திரி முழுக்க மிதக்கட்டும்" என்றாள் அண்ணி. எனக்கு ஒரு யோசனை தோன்றியது. பத்தைகளுக்கு நடுவில் தெரிகிற சாக்கின் மேல் வறண்ட கோலமாவைத் தூவிவிட்டேன். எந்த இடத்தில் கசிந்தாலும் மாவு ஈரமாகி நிறம் மாறிவிடும் அல்லவா? காலையில் பார்த்தால் இரண்டே இடத்தில் நாலணா அளவுக்கு நனைந்திருந்தது. அடையாளம் வைத்து, பரிசலைக் கரையேற்றிக் காயவிட்டு, அங்கே மட்டும் ஒட்டுப் போட்டுத் தார் பூசினோம். மறுபடி சோதித்தோம். மாவு அப்படியே இருந்தது.

மருமான் கைபேசியில் ஒரு படம் காட்டினான். வெளிநாடுகளில் பழைய அலுமினிய மீன்பிடிப் படகை வாங்கி வீட்டிலேயே சரி செய்கிறார்கள். அவர்கள் படகை உயரத்தில் நிறுத்தி, உள்ளே தண்ணீர் ஊற்றி, வெளியே எந்த ரிவெட்டில் சொட்டுகிறது என்று பார்த்துக் குறி வைக்கிறார்கள். "அத்தை, நீங்க வெளியே தண்ணி விட்டீங்க, அவங்க உள்ளே விடுறாங்க, அவ்வளவுதான்" என்று சிரித்தான். ஓட்டைக் குண்டானில் தண்ணீர் பிடித்துப் பார்க்கிற நம் வித்தைதானே!

கடைசியாக ஒரு காரியம் செய்தோம். ஐந்து லிட்டர் காலி எண்ணெய் கேன்கள் நாலை நன்றாக மூடி, உள்பக்கம் விளிம்போடு கட்டினோம். பரிசல் கவிழ்ந்தால் பிடித்துக்கொண்டு மிதக்க உதவும். ஆனால் இது உயிர்க்காப்பு ஜாக்கெட்டுக்கு ஈடாகாது. "மீனுக்கு யாராவது நீச்சல் உடுப்பு மாட்டுவாங்களா?" என்று அண்ணன் முதலில் கேலி செய்தார். அண்ணி அடுப்பிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: "உங்களுக்கு வேணாம்னா போங்க. என் பிள்ளைக்கு ஒண்ணு வாங்கிட்டு அப்புறம் தண்ணியில இறக்குங்க." இரண்டு ஜாக்கெட் வந்தது.

கவனிக்க வேண்டியவை

* பழைய பரிசல் வாங்கும்போது தாரின் பளபளப்பைப் பார்க்காதீர்கள். விளிம்பில் ஊசியால் குத்திப் பாருங்கள். அடியில் தூள் விழுகிறதா என்று பாருங்கள்.
* பயன்படுத்தாதபோது ஈர மண்ணில் வைக்காமல், கல் மேல் நிழலில் கவிழ்த்து வையுங்கள்.
* மழைக்காலத்துக்கு முன் ஒரு தரமும், பின் ஒரு தரமும் கோலமாவு சோதனை செய்யுங்கள்.
* அணையில் தண்ணீர் திறக்கிறார்கள் என்று அறிவிப்பு வந்தால் பரிசலை மேட்டுக்கு ஏற்றிக் கட்டுங்கள்.

பரிசல் தண்ணீரில் இறங்கி இப்போது ஒரு மழைக்காலமும் தாண்டிவிட்டது. கம்மலை இன்னும் மீட்கவில்லை. ஆனால் மாதம் ஒரு தரம், வலை காயும் நேரத்தில், அண்ணி கோணி ஊசியை எடுத்துக்கொண்டு போய் விளிம்பைச் சுற்றிக் குத்திப் பார்க்கிறாளாம். அண்ணன் இப்போதெல்லாம் அவள் சரி என்று சொன்ன பிறகுதான் துடுப்பை எடுக்கிறார். போன வாரம் எனக்கு அரைக் கிலோ கட்லா கொடுத்தனுப்பி, "உன் கோலமாவுக்குக் கூலி" என்று சொல்லச் சொன்னாராம்.

வீட்டு ஆண்கள் ஏறிப் போகிற வண்டியோ பரிசலோ எதுவானாலும், அது நமக்குத் தெரியாத விஷயம் என்று ஒதுங்க வேண்டாம், சகோதரிகளே. அரிசியில் வண்டு பார்க்கத் தெரிந்த கண் நமக்கு இருக்கிறது. அது போதும்.