முதல் கார்: எதைப் பார்த்து வாங்குவது?

பட்டதாரியாகி வேலைக்குச் சேர்ந்ததும் நம்மில் பலர் கார் வாங்கக் கிளம்புகிறோம். விற்பனை நிலையத்தில் முதலில் கண்ணில் படுபவை பளபளக்கும் ரிம், பெரிய திரை, தோல் இருக்கை. இவற்றைப் பிறகு கடையில் பொருத்திக்கொள்ளலாம். காற்றுப்பையையும் இ.எஸ்.சி.யையும் அப்படிப் பொருத்த இயலாது. மழையில் வளைவில் கார் சறுக்கினால், இ.எஸ்.சி. தேவையான சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்து வண்டியை வழிக்குக் கொண்டுவரும். மலேசியாவில் 2018 ஜூன் முதல் அறிமுகமான புதிய ரகக் கார்களுக்குத்தான் இது கட்டாயம். ஆகவே பழைய கார் வாங்குவோர் கேட்டு உறுதிசெய்வது அவசியம். ஆசியான் என்கேப் நட்சத்திரங்களையும் சோதித்த ஆண்டோடு சேர்த்தே பாருங்கள். விதிகள் வரவரக் கடுமையாகியுள்ளன. சாலை வரிக்காகவே சிறிய இயந்திரம் தேடுவோரும் உண்டு. தீபகற்பத்தில் 1,000 சிசி காருக்கு ஆண்டுக்கு 20 ரிங்கிட். 1,500 சிசிக்கு 90. எழுபது ரிங்கிட்டுக்காகவா இவ்வளவு யோசனை?